நடுங்கியது யார்

கிச்சனர், ஒன்டாரியோ
பிப்ரவரி 19

நோரீன்,

உன் வீட்டுக்கு நான்கு தடவை போன் செய்துவிட்டேன். நான்கு தடவையும் உன் அப்பாதான் எடுத்தார். "அவ தூங்குறாப்பா" என்றார். காலை பதினொன்றுக்கும் தூக்கம், சாயங்காலம் ஐந்துக்கும் தூக்கமா? உன் அப்பாவுக்குப் பொய் சொல்லவே வரவில்லை, பாவம். சரி, போனில் பேச இஷ்டமில்லை என்றால் இதையாவது படி. படிக்காமல் அடுப்பில் போட்டாலும் போடு.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ஸ்கேட்டிங் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஐஸ் ஓரமாக நின்றேன். நீ வரவில்லை. ஆறேகாலுக்கு நம் பயிற்சியாளர் திருமதி ஹோர்வத் வந்தார். கையில் காபி இல்லை. எட்டு வருஷத்தில் அந்த அம்மாளைக் காபி இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றே நினைத்தேன்.

"வாரன், கழட்டிடு" என்றார்.

"எதை?"

"ஷூவை. நோரீன் போட்டியிலேருந்து பேரை எடுத்துட்டா. இடுப்புல அடி. நேத்தே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு ஊருக்குப் போயிட்டா."

நேற்றே! திங்கட்கிழமைதான் நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்குப் பாதி சாண்ட்விச் சாப்பிட்டோம். அப்போது உன் பைக்குள் அந்தக் காகிதம் இருந்திருக்கிறது. ஜோடி ஸ்கேட்டிங்கில் ஒருத்தர் பெயர் போனால் இரண்டு பேர் பெயரும் போச்சு. அது உனக்குத் தெரியாதா? எட்டு வருஷம் கழித்து, எனக்கு இருபத்தெட்டு வயது ஆன பிறகு, முதல் தடவையாக உலகப் போட்டிக்குப் போகிறோம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா?

நமக்குப் பதில் ஆல்பர்ட்டா ஜோடி போகிறது. நாட்டின் பெயர் போட்ட அந்தச் சிவப்பு மேல்சட்டையை ஸ்கேட்டிங் சங்கத்தில் திருப்பிக் கேட்டார்கள். கை நீளமென்று நீதான் மடித்துத் தைத்துக் கொடுத்தாய். உன் தையலைப் பிரித்துவிட்டுக் கொடுத்தேன்.

இனி உண்மையைப் பேசுவோம். இடுப்பு வலி இருந்திருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஜனவரியிலிருந்தே தலைக்கு மேல் தூக்கும்போதெல்லாம் நீ நடுங்குகிறாய். என் உள்ளங்கையில் தெரிகிறது. எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? உலகப் போட்டி என்றதும் உனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் என்று சொல்லியிருந்தால் நான் என்ன கடித்தா தின்றிருப்பேன்?

நாம் ஜோடி சேர்ந்த முதல் நாள் ஹோர்வத் அம்மாள் சொன்னது நினைவிருக்கிறதா? "மேல இருக்கிறவ விழுந்தா, பையன் அடியில இருக்கணும். அவ தலை ஐஸைத் தொடக் கூடாது. அவ்வளவுதான் ஜோடி ஸ்கேட்டிங்." எட்டு வருஷத்தில் எத்தனை தடவை நான் அடியில் விழுந்திருக்கிறேன்? என் முதுகு எண்ணி வைத்திருக்கிறது. நீ ஒரு தடவை என் கையை விட்டாய். அதுவும் எனக்குத் தெரியாமல்.

வாரன்


டின்யிஷ், பிரின்ஸ் எட்வர்ட் தீவு
பிப்ரவரி 26

வாரன்,

அப்பா பொய் சொல்லவில்லை. நான் தூங்கவில்லை என்பது வேறு விஷயம். கண்ணை மூடிக்கொண்டு சோபாவில் கிடந்தேன், அவர் அதைத் தூக்கம் என்று எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் போன் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. அப்பா அங்கேயேதான் உட்கார்ந்து வலை பின்னுகிறார். அவர் முன்னால் உன்னோடு என்ன பேசுவேன்? எதைப் பேசினாலும் அழுதுவிடுவேன். அழுதால் அவர் படகைப் பார்க்கப் போகிறேன் என்று எழுந்து வெளியே போய்விடுவார். படகோ கரையில் பனிக்குள் புதைந்து கிடக்கிறது, பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

இடுப்பு மூட்டில் மயிரிழை விரிசல். வலது பக்கம். நீ என்னைத் தூக்கி எறியும்போது நான் ஊன்றி இறங்குகிற கால். எக்ஸ்ரே படத்தில் பென்சில் கோடு மாதிரி தெரிகிறது. ஊன்றுகோல் இரண்டு கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்த் தபாலாபீஸ் வாசலில் பனிக்கட்டியில் அது வழுக்கி, ஸ்கேட்டிங் வீராங்கனை நான் விழப் பார்த்தேன். "பார்த்துப் பொண்ணே, டிவியில நல்லாத்தான ஆடுன" என்று ஒருவர் பிடித்தார். சிரித்துவைத்தேன்.

உன்னிடம் சொல்லாமல் செய்தது தப்புதான். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நீ என்னைப் பேசிப் பேசியே சம்மதிக்க வைத்திருப்பாய். உனக்கு அந்தத் திறமை உண்டு. அதனால்தான் பெஞ்சில் பாதி சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

பயம் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு இப்போது பதில் எழுத முடியாது. அப்படியே இருக்கட்டும்.

இங்கே ஒரு சத்தமும் இல்லை. காலை ஐந்துக்கு எழுந்துவிடுகிறேன், பழக்க தோஷம். எழுந்து என்ன செய்வது? ஜன்னலில் உட்கார்ந்து விடியும்வரை பார்க்கிறேன். கடல்வரைக்கும் ஐஸ்தான். ஒருத்தரும் அதன்மேல் இல்லை.

தையலை ஏன் பிரித்தாய்?

நோரீன்


கிச்சனர்
மார்ச் 3

நோரீன்,

விரிசல் என்று தெரியாது. ஏதோ பிடிப்பு என்றுதான் ஹோர்வத் அம்மாள் சொன்னார். என் முதல் கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன். கொஞ்சம்தான். பெயரை எடுத்ததற்கு இல்லாவிட்டாலும் என்னை மடையனாக்கியதற்கு நீ ஒரு திட்டு வாங்கத்தான் வேண்டும்.

இங்கே இரண்டு வாரமாக நான் ஒண்டியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். தனியாக ஸ்கேட் செய்வது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது தெரியுமா? திருப்பத்தில் கை தானாக நீள்கிறது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மூக்கைச் சொறிந்துகொள்கிறேன். குட்டிப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். வேறு யார் வாயிலிருந்தாவது உனக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுவது மேல். ரோண்டா வெபர் என்று ஒரு பெண், வயது பத்தொன்பது, தனியாக ஆடுகிறவள். ஜோடிக்கு மாற விரும்புகிறாள். சங்கத்தார் என்னோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். பதினாறாம் தேதி பயிற்சி ஆரம்பம். இருபதாம் தேதியிலிருந்து தலைக்கு மேல் தூக்கல். இருபத்தெட்டாம் தேதி தேர்வாளர்கள் வந்து பார்க்கிறார்கள். பிடித்திருந்தால் எனக்கு இன்னும் இரண்டு வருஷம் கிடைக்கும். பிடிக்காவிட்டால் சஸ்காட்சுவானில் அண்ணன் டிராக்டர் காத்துக்கொண்டிருக்கிறது.

உன் இடுப்பு ஆறுகிறவரைக்கும் காத்திருக்கட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நீ என்னைக் கேட்டாயா?

சரி, இது சின்னத்தனம், தெரியும். அடித்துவிட்டுத் திருப்பி எழுத நேரமில்லை, தபால் வண்டி வருகிறது. "போடா, நல்லா ஆடு" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

வாரன்


டின்யிஷ்
மார்ச் 8

வாரன்,

அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை. நான்கு காகிதம் கிழித்தாகிவிட்டது. அப்பா, "காகிதம் மரத்துல காய்க்குதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

ரோண்டாவைத் தூக்காதே.

பொறாமை என்று நினைப்பாய். பொறாமையும் இருக்கிறது, இல்லாமல் என்ன? அவள் கையை நீ பிடிக்கிறதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் இது அது இல்லை. கேள்.

மேலே நடுங்கியது நான் இல்லை வாரன். உன் கை.

ஜனவரியில் ஆரம்பித்தது. உன் வலது தோள். ஒற்றைக் கையில் நீ என்னை மேலே வைத்துச் சுற்றும்போது, இரண்டாவது சுற்றில், உன் தோளிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி என் இடுப்புக்கு வரும். நீ அதை என் நடுக்கம் என்று நினைத்தாய். "என்னடி பயமா? மூச்சை விடு" என்பாய். நானும் மூச்சை விடுவேன், எனக்குத்தான் பயம் என்பதுபோல. நீ என்னை எறிகிறபோதும் அந்தத் தோள் பாதிதான் தள்ளியது. உயரம் போதாமல் நான் இடுப்பை அவசரமாகத் திருப்பித் திருப்பித்தான் இறங்கினேன். "கோணலா இறங்காதே நோரீன்" என்று ஹோர்வத் அம்மாள் என்னைத்தான் திட்டினார். விரிசல் அதில் வந்ததுதான். பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. வந்த வழியைச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அங்கே டாக்டர் என்னிடம், "வலிக்கு ஊசி போட்டுக்கோ, நாலு நிமிஷம் தாங்கும், ஆடிட்டு வந்து படுத்துக்கோ" என்றார். நான் ஆடியிருக்கலாம். ஊசி வேண்டாம் என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். இடுப்பு என்று எழுதினேன். தோள் என்று எழுதவில்லை.

உன் தோளை யாரிடமாவது காட்டு. இருபதாம் தேதிக்குள். அந்தப் பெண்ணுக்கு விழத் தெரியாது. அவள் எந்தப் பக்கம் சாய்வாள் என்று உனக்கும் தெரியாது. நீ சொல்லாவிட்டால் நான் ஹோர்வத் அம்மாளுக்கு எழுதுவேன். உறையில் தபால்தலை ஒட்டி மேசைமேல் வைத்திருக்கிறேன்.

நோரீன்


கிச்சனர்
மார்ச் 13

நோரீன்,

அடேயப்பா. பெரிய கதைதான்.

தோளில் கொஞ்சம் வலி இருந்தது. எந்த ஜோடிக்காரனுக்கு இல்லை? தைலம் தேய்த்தேன், போய்விட்டது. நடுங்கியது நீ. எட்டு வருஷம் உன்னைத் தூக்கியிருக்கிறேன். உன் எடை கால் கிலோ கூடினால் எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு நீ எத்தனை மீன் வடை தின்றாய் என்றுகூட என் கை சொல்லும். என் கையே நடுங்கினால் எனக்குத் தெரியாதாம், உனக்குத் தெரியுமாம்!

ஆக மொத்தம், ஆடியிருக்கலாம், ஆனால் ஆடவில்லை. அதை நீயே எழுதிவிட்டாய். நான் உன்னைக் கீழே போட்டுவிடுவேன் என்று பயந்து ஓடியிருக்கிறாய். நான்! உன்னைப் போடுவேனா? ஒரு தடவையாவது உன் தலை ஐஸைத் தொட்டிருக்கிறதா? வேறு எவனாவது இதைச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

ஹோர்வத் அம்மாளுக்கு எழுது. தாராளமாக எழுது. எனக்கு இனிமேல் எழுதாதே.

வாரன்


டின்யிஷ்
மார்ச் 18

வாரன்,

எழுதாதே என்றாய், இது கடைசி.

ஹோர்வத் அம்மாளுக்கான உறையை இன்றைக்குக் காலை தபாலில் போட்டேன். பத்து நாள் மேசைமேல் இருந்தது. பெட்டிக்குள் கையை விட்டு இரண்டு நிமிஷம் நின்றேன். "உள்ள விழணுமா, வேணாமாம்மா?" என்று தபால்காரர் கேட்டார். விட்டுவிட்டேன். அது இருபதாம் தேதிக்குள் வந்து சேராது என்று தெரியும். முன்னாலேயே போட்டிருக்க வேண்டும், நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். ஏதாவது நடந்தால் அந்தக் காத்திருப்பும் என் தப்புதான்.

நேற்று உலகப் போட்டியை டிவியில் காட்டினார்கள். நாம் ஆட வேண்டிய வரிசையில் ஆல்பர்ட்டா ஜோடி வந்தது. அந்தப் பையன் போட்டிருந்தது உன் சட்டை. கை நீளமாகத் தொங்கியது. நம் பெயரை ஒருத்தரும் சொல்லவில்லை. அப்பா எழுந்து டிவியை அணைக்கப் போனார், "இருக்கட்டும்பா" என்றேன். அவர் படகைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர்கள் நடுவில் போய் நின்றார்கள். இசைக்கு முன்னால் நீ என் கையை இரண்டு தடவை அழுத்துவாய், ரெடியா என்று. நான் ஒரு தடவை அழுத்துவேன். நேற்று சோபாவில் என் கை தானாக நீண்டது. உன்னுடையது திருப்பத்தில் நீள்கிறது என்று எழுதினாயே, அப்படி. பக்கத்தில் தலையணைதான் இருந்தது. இவ்வளவு தனியாக நான் எப்போதும் இருந்ததில்லை வாரன். உன்மேல் கோபம் இருந்தாலும் சொல்கிறேன்.

நோரீன்


கிச்சனர்
மார்ச் 25

நோரீன்,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் இதைத் தெரிந்துகொள்: ரோண்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை. அவளைத் தலைக்கு மேல் தூக்கினேன். ஒரு சுற்று சுற்றினேன். இரண்டாவது சுற்றில் அவள் நடுங்கினாள். இறக்கிவிட்டேன். "பயப்படாதே, மூச்சை விடு" என்றேன். உன்னிடம் சொன்ன அதே வார்த்தை. மறுபடி தூக்கினேன். மறுபடி அதே நடுக்கம், அதே சுற்றில். உன்னுடையது மாதிரியே. இரண்டு பெண்கள் எப்படி ஒரே மாதிரி நடுங்குவார்கள் என்று யோசித்துக்கொண்டே அவளை இறக்கினேன்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்தாள். "எனக்குப் பயமில்லைங்க. நீங்கதான் நடுங்குறீங்க. முதல்லேருந்தே. பெரிய ஆளு, எப்படிச் சொல்றதுன்னு பேசாம இருந்தேன்."

உடை மாற்றும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன், மேலே உன்னை வைத்திருக்கிற மாதிரி. மேலே யாரும் இல்லை நோரீன். கை நடுங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் தானாகக் கீழே வந்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து கத்தி அழுதேன். வெளியே ஐஸைச் சமன் செய்கிற வண்டி ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்டிருக்காது.

பிறகு நானே போய் ஹோர்வத் அம்மாளிடம் சொன்னேன். அவர் காபியைக் கீழே வைத்தார். "எத்தனை நாளா?" என்றார். "ஜனவரியிலேருந்து. எனக்குத் தெரியாது. நோரீனுக்குத் தெரியும்" என்றேன். தன் காரிலேயே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். தோள் தசைநார் முக்கால்வாசி கிழிந்திருக்கிறதாம். எப்படித் தூக்கினாய் என்று டாக்டர் கேட்டார். ஏப்ரல் ஏழாம் தேதி அறுவை. அதற்குப் பிறகு யாரையும் தலைக்கு மேல் தூக்க முடியாது. இனி தூக்குவதெல்லாம் மளிகைப் பைதான், அதுவும் இடது கையில்.

உன் கடிதம் நேற்று அவருக்கு வந்தது. படித்துவிட்டு, "இது உங்கிட்ட இருக்க வேண்டியது" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். என்னைப் போட்டுக்கொடுத்திருப்பாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தேன். "வாரன் எதையும் மறைக்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியாது. மேலே இருந்தவளுக்குத்தான் தெரியும். தயவுசெய்து அவனைப் பொய்யன் என்று யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்." இவ்வளவுதான் எழுதியிருந்தாய். அதை மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். நான் உனக்கு எழுதிய கடைசிக் கடிதத்தை நீ அடுப்பில் போட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் சொல். கோபமில்லாமல் கேட்கிறேன். நான் உன்னைக் கீழே போட்டுவிடுவேன் என்று பயந்தாயா? அதனால்தான் பெயரை எடுத்தாயா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது. எனக்குத் தெரிந்தாக வேண்டும். தூக்கம் வரவில்லை.

அறுவைக்கு முன்னால் அங்கே வரட்டுமா?

வாரன்


டின்யிஷ்
ஏப்ரல் 1

வாரன்,

இப்போது வராதே. உனக்கு ஒரு கை, எனக்கு ஒரு கால். நீயும் நானும் சேர்ந்து ஒரு கெட்டிலைத் தூக்கி வைக்க முடியாது, அப்பாதான் எல்லாம் செய்ய வேண்டும். தோள் ஆறினதும் வா. ஜூனில் படகு தண்ணீரில் இருக்கும், அப்பா உன்னைக் கடலுக்குக் கூட்டிப்போவார். உனக்கு வாந்தி வரும், அவருக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கும்.

நேற்று சார்லட்டவுன் போய் டாக்டரைப் பார்த்தேன். விரிசல் ஆறிவருகிறதாம். ஜூலையில் ஷூ மாட்டலாம், செப்டம்பரில் குதிக்கலாம் என்றார். "நல்ல சேதிதானே, ஏம்மா முகம் இப்படி?" என்று கேட்டார். யாரோடு குதிப்பது என்று அவரிடம் கேட்க முடியுமா? சங்கத்திலிருந்தும் கடிதம் வந்திருக்கிறது, வேறு ஒரு பையனோடு சேர்த்துப் பார்க்கலாமா என்று. இன்னும் பதில் போடவில்லை. அவன் கை எப்படி இருக்குமோ, யாருக்குத் தெரியும்? உன் கைதான் எனக்குத் தெரியும்.

கடல் ஐஸ் உடைய ஆரம்பித்துவிட்டது. பெரிய பெரிய துண்டுகளாகப் போகிறது. ஐந்து மணிக்கு எழுந்து அதைத்தான் பார்க்கிறேன்.

உன் கடைசிக் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன், திட்டுகளையும் சேர்த்துத்தான்.

நீ கேட்டதற்குப் பதில். இதை நேரில் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன், வெட்கமாக இருந்திருக்கும்.

நீ என்னைப் போடுவாய் என்று நான் ஒரு நாளும் பயப்படவில்லை. கை நடுங்கும்போதும் பயப்படவில்லை. விழுந்தால் நீ அடியில் இருப்பாய் என்று எனக்குத் தெரியும். எந்தத் தோள் கிழிந்தாலும், எத்தனை ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும், என் தலை ஐஸைத் தொடுவதற்கு முன்னால் நீ உன்னைக் கொண்டுவந்து அடியில் போட்டிருப்பாய். எனக்கு ஒரு கீறல் இருந்திருக்காது. உன் முதுகு அவ்வளவுதான்.

அதனால்தான் வாரன் பெயரை எடுத்தேன்.

நோரீன்